கழுத்து நோவும் படத்தின் தீர்ப்பும்

கழுத்தில் நாட்பட்ட நோவோடு வருகிறவர்களுக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு விடை படத்தில் இருக்கிறது என்பது இன்று நம்மிடையே ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்ட அபிப்பிராயமாகிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு தேய்ந்திருந்தால் நரம்பு நசுங்கியிருக்கிறது. படம் சுத்தமாயிருந்தால் நரம்புக்கு ஒன்றுமில்லை, வந்தவர் வேலைக்குப் பயந்தோ மனக்கவலையாலோ முறையிடுகிறார். எக்ஸ்ரே காட்டாததை எம்.ஆர்.ஐ. காட்டும், அதுவும் காட்டாதது எங்குமே இல்லை. தோட்டத்து டிஸ்பென்சரி முதல் நகரத்துத் தனியார் வைத்தியசாலை வரையில், துரைமார் முதல் நோயாளியின் வீட்டார் வரையில், இந்த எண்ணமே ஆட்சி செலுத்துகிறது. இவ்வெண்ணம் பிழையானது என்பதையும், அதன் இரண்டு பாதிகளும் தனித்தனியே பிழையானவை என்பதையும், அந்தப் பிழையின் விலையை மலையகத்தில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தங்கள் கைகளால் கொடுத்துவருகிறார்கள் என்பதையும் எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

நானுஓயாவை எடுத்துக்கொள்வோம். 1885ஆம் ஆண்டு புகையிரதப் பாதை வந்து சேர்ந்த காலம் முதல் நுவரெலியாவுக்கு வாசலாக இருந்துவரும் இவ்வூரைச் சுற்றி, ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், ரதல்ல, கிளாசோ, டெஸ்போட், சமர்செட் என்று தேயிலைத் தோட்டங்கள் மலைச்சரிவெங்கும் பரந்து கிடக்கின்றன. மனிதரின் கழுத்துக்குத் தீங்கு செய்யும் காரணங்களுள் க்ஷணத்தில் நேர்வது ஒன்றும், வருஷக்கணக்கில் நேர்வது ஒன்றும் இந்த ஒரே பிரதேசத்தில் அருகருகே இருக்கின்றன. க்ஷணத்தில் நேர்வது வீதி விபத்து. 2023ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் திகதி, ரதல்லப் பகுதியில், கொழும்பிலிருந்து பாடசாலை மாணவரை ஏற்றிவந்த பஸ் ஒன்று ஒரு வேனிலும் ஒரு முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு உயிர்கள் போனதை நாடே அறியும். அத்தகைய விபத்துக்களில் இறந்தோர் எண்ணிக்கையும் காயமுற்றோர் எண்ணிக்கையும் பத்திரிகைகளில் வருகின்றன. ஆனால் இந்தச் சரிவான பாதைகளில் வாராவாரம் நேரும் சிறு மோதல்களில் கழுத்து முன்னும் பின்னும் வெட்டி இழுபட்டு, எலும்பு முறியவில்லை என்று படம் பார்த்து அன்றே வீட்டுக்கு அனுப்பப்பட்டு, ஆறு மாதம் கழித்துக் கையில் விறைப்போடு திரும்பி வருகிறவர்களை எந்தக் கணக்கும் சேர்த்துக்கொள்வதில்லை.

வருஷக்கணக்கில் நேர்வது கூடையினால் வருவது. தலைமேல் கொங்காணித் துணியைப் போட்டு, அதன்மேல் கூடைக்கயிற்றை மாட்டி, கூடையை முதுகுப்புறம் தொங்கவிட்டு, நிரை பிடித்து நிற்கும் பெண்ணைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இராது. கயிறு தலையைப் பின்னால் இழுக்கிறது. அவள் தலையை முன்னால் தள்ளிக் கொடுக்கிறாள். பெருவிரலும் சுட்டுவிரலும் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளுகின்றன. உள்ளங்கை நிறைந்ததும் கை தோளுக்கு மேலே போய்க் கொழுந்தைக் கூடைக்குள் எறிகிறது. காலையிலிருந்து மாலை வரை இந்த ஒரே அசைவு. கொழுந்து சேரச்சேரக் கூடை கனக்கிறது. மழை பெய்தால் ஈரக்கொழுந்து இன்னும் கனக்கிறது. பதினெட்டுக் கிலோ, இருபது கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறுபடும் அளவை எட்டினால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம்; எட்டாவிட்டால் அரைப்பேர். எனவே கை விறைத்தாலும் கழுத்து வலித்தாலும் அவள் நிரையைவிட்டு இறங்குவதில்லை. கயிற்றின் கீழே கழுத்தின் ஏழு எலும்புகளும், அவற்றின் இடைவெளிகளிலிருந்து இரு பக்கமும் புறப்படும் எட்டு இணை நரம்பு வேர்களும் இருபது முப்பது வருஷங்களுக்கு இந்தச் சுமையைத் தாங்குகின்றன. அந்த வேர்களுள் ஐந்தாவது முதல் எட்டாவது வரையிலுள்ளவையும், மார்புப் பகுதியின் முதல் வேரும் சேர்ந்துதான் தோள் முதல் விரல்நுனி வரையிலான கை முழுவதையும் ஆளுகின்றன.

இனி அபிப்பிராயத்தின் முதற் பாதிக்கு வருவோம். படத்தில் தேய்வு கண்டால் நரம்பு நசுங்கியிருக்கிறது என்பது மெய்யானால், கழுத்திலோ கையிலோ என்றும் நோவு காணாத மனிதரின் படங்கள் மாசற்றவையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் ஸ்கொட் போடனும் அவருடைய சகாக்களும் அத்தகைய 63 பேரை எம்.ஆர்.ஐ. படமெடுத்து 1990இல் வெளியிட்ட முடிவு என்ன? நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 14 பேரிடமும், நாற்பதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 28 பேரிடமும் பெரிய கோளாறு என்று எழுதத்தக்க ஏதோ ஒன்று இருந்தது. எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைத்தட்டு தேய்ந்தோ ஒடுங்கியோ இருந்ததை மட்டும் எண்ணினால், நாற்பதைக் கடந்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபது பேர். 2015இல் ஜப்பானியர் 1,211 சுகதேகிகளை இவ்வாறே பார்த்தபோது நூற்றுக்கு 87.6 பேரிடம் இடைத்தட்டுப் பிதுக்கம் இருந்தது. இருபது வயதுக்காரர்களிற்கூடப் பெரும்பாலோரிடம் இருந்தது. ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கும் பொருளைக் காட்டி ஒருவனைத் திருடன் என்று தீர்மானிக்க முடியாததுபோல, எல்லார் கழுத்திலும் காணப்படும் தேய்வைக் காட்டி ஒரு கையின் விறைப்புக்குக் காரணம் சொல்ல முடியாது.

மலையகத்துக்கு இந்த உண்மை இரட்டிப்பாகப் பொருந்துகிறது. தலையில் சுமை தூக்குவோரின் கழுத்தெலும்புகள் மற்றவர்களுடையவற்றைவிட விரைவில் தேய்கின்றன என்பதை ஆபிரிக்காவில் சுமைகாரரை ஆராய்ந்தவர்கள் 1997இலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் நாற்பத்தைந்து வயதான கொழுந்துக்காரி எவளுடைய படத்தை எடுத்தாலும் தேய்வு தென்படத்தான் செய்யும். நரம்பு நொந்தவளிடமும் தென்படும், நோகாதவளிடமும் தென்படும். இரண்டு பேரையும் வேறுபடுத்திக் காட்டாத சாட்சியத்தை வைத்துக்கொண்டு, ஒருத்திக்கு 'எலும்பு தேஞ்சிருக்கு, இனி ஒண்ணும் செய்ய ஏலாது' என்று கழுத்துப் பட்டியைக் கட்டி அனுப்புவதும், அவள் அந்தச் சொல்லைத் தன் ஆயுள் தண்டனையாக ஏற்றுக்கொண்டு லயத்துக்குத் திரும்புவதும் எத்தனை பெரிய அநியாயம்! கழுத்து நரம்பு வேர் நோயைப் பற்றி ஒரு முழுச் சமூகத்தில் செய்யப்பட்ட முக்கியமான ஆராய்ச்சி, அமெரிக்காவில் ரொச்செஸ்டர் நகரில், 1976 முதல் 1990 வரை நோயுற்ற 561 பேரைப் பின்தொடர்ந்து செய்யப்பட்டது. பிற்காலத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தின் இயக்குநராக விளங்கிய குருபத் ராதாகிருஷ்ணன் அதன் முதல் ஆசிரியர். கடைசியாகப் பார்த்தபோது அவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் நோவின்றியோ, சொற்பத் தொந்தரவோடோ இருந்தார்கள் என்கிறது அவ்வாராய்ச்சி. அவர்கள் கூடை சுமந்தவர்களல்லர் என்பது மெய். ஆயினும், நரம்பு வேர் நோய் பெரும்பாலும் தணியக்கூடிய நோய் என்ற செய்தியை நானுஓயாவில் எத்தனை நோயாளிகள் தங்கள் காதால் கேட்டிருக்கிறார்கள்?

இரண்டாம் பாதி, அதாவது படம் சுத்தமானால் நரம்பும் சுத்தம் என்பது, முதற் பாதியைவிட அதிகத் தீமை செய்வது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டுவதற்கென்று ஏற்பட்டது. நரம்புக்கு அதில் நிழலே கிடையாது. விபத்து நடந்த அன்று எலும்பு முறிந்திருக்கிறதா, இடம் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க அது இன்றியமையாதது. அந்த வேலையை அது செய்து முடித்தபின் நரம்பைப் பற்றி அதனிடம் ஒரு சொல்லும் மிச்சமில்லை. எம்.ஆர்.ஐ. நரம்பின் இருப்பிடத்தைக் காட்டுகிறது, இயக்கத்தைக் காட்டுவதில்லை. அசையாமல் மல்லாந்து கிடக்கும் பெண்ணை அது படம் பிடிக்கிறது. அவளுக்கோ நோவு வருவது கயிறு தலையில் ஏறி, கழுத்து ஒரு பக்கம் திரும்பி, கை தோளுக்கு மேலே போகும் வேளையில். இடைத்தட்டிலிருந்து கசியும் பொருளால் நரம்பு வேர் அழற்சியுற்று நோவதற்கு, அது படத்தில் நசுங்கிக் காணப்பட வேண்டிய அவசியமில்லை. படத்தின் எல்லைக்கு வெளியே, கழுத்தின் பக்கத்துத் தசைகளுக்கு ஊடாகவும் தோளின் கீழாகவும் செல்லும் நரம்புக் கட்டு நோவதும் உண்டு.

இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. வாகன மோதலில் இழுபட்ட கழுத்துக்களை வகைப்படுத்தக் கனடாவின் கியூபெக் மாகாணத்து நிபுணர் குழுவொன்று 1995இல் ஒரு முறையை வகுத்தது. வெறும் நோவு முதற் படி. நோவோடு கழுத்து அசைவு குறைதலும் தொட்டால் நோதலும் இரண்டாம் படி. தெறிவினைக் குறைவு, தசைப் பலவீனம், உணர்ச்சிக் குறைவு என்ற நரம்புக் குறிகள் இருந்தால் மூன்றாம் படி. எலும்பு முறிவோ பெயர்வோ நான்காம் படி. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் படியில் வைக்கப்பட்டார்கள். அவர்களுக்கு நரம்பில் கோளாறில்லை என்பது அந்த வகுப்பிலிருந்தே பெறப்பட்ட முடிவாயிற்று. ஆனால் அண்மை ஆண்டுகளில் அவுஸ்திரேலியாவின் மிஷேல் ஸ்டேர்லிங், ஸ்கொட் ஃபாரல் முதலியோர், இரண்டாம் படியில் வைக்கப்பட்ட நாட்பட்ட நோயாளிகளின் தோலில் சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, வெப்பத்தையும் வலியையும் உணரும் நுண் நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2022இல் பிரித்தானியாவிலிருந்து, ஜோயல் ஃபண்டோன் முதலியோர் பல ஆய்வுகளை ஒருங்கே திரட்டிப் பார்த்து வெளியிட்ட முடிவின்படி, இத்தகைய நோயாளிகளுள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நரம்பிலிருந்து எழும் வலியின் அடையாளங்கள் இருந்தன. நரம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதி அனுப்பப்பட்டவர்களைப் பற்றிய செய்தி இது. படம் மட்டுமன்றி, அவசரத்தில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு முடித்துக்கொள்ளும் பரிசோதனையும் இவர்களைத் தவறவிட்டது என்பதை நான் மறைக்கவில்லை. பரிசோதனை முழுமையாக இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

படம் கைவிட்டால் மின்சாரச் சோதனை இருக்கிறதே என்பார்கள். நரம்பில் மின்னோட்டம் செல்லும் வேகத்தை அளக்கும் சோதனை கண்டிக்கோ கொழும்புக்கோ போய்ச் செய்துகொள்ளக் கிடைப்பது; மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்டிருப்பதைக் கண்டுபிடிக்க மிகவும் உதவுவது. ஆனால் நரம்பு வேர் முண்ணாணை விட்டு வெளிவரும் இடத்தில் நசுங்கும்போது, உணர்ச்சி நரம்பின் உயிரணுக்கள் பெரும்பாலும் அந்த இடத்துக்கு அப்பால் பழுதின்றி இருப்பதால், விரலில் அளக்கும் உணர்ச்சிச் சோதனை சரியாகவே வரும். விரலோ விறைத்துக் கிடக்கும். தசைக்குள் ஊசி செலுத்திச் செய்யும் மின்பதிவு இன்னும் துல்லியமானது, ஆயினும் நரம்பு புண்பட்டு மூன்று வாரமளவில்தான் அதன் அடையாளங்கள் தெளிவாகின்றன. உணர்ச்சி வேர் மாத்திரம் நொந்திருந்தால் அதிலும் ஒன்றும் தெரியாது. ஆக, 'நரம்புச் சோதனை நோர்மல்' என்று எழுதிய காகிதமும் நோயாளியின் வாயை அடைக்கும் அதிகாரம் பெற்றதல்ல.

பின் எதைக் கொண்டு நிச்சயிப்பது? வைத்தியரின் கையைக் கொண்டும் கண்ணைக் கொண்டும், நோயாளியின் வாய்மொழியைக் கொண்டும் நிச்சயிப்பது. இது பழைமை பாராட்டும் பேச்சல்ல. 2003இல் ரொபேர்ட் வெய்னரும் சகாக்களும் நரம்பு வேர் நோயோ மணிக்கட்டு நரம்பு நெருக்கமோ இருக்கலாம் என்று ஐயுற்ற 82 பேரைக் கையாலும் மின்பதிவாலும் சோதித்து ஒப்பிட்டபோது, நான்கு எளிய சோதனைகள் ஒருங்கே நோயைக் காட்டினால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நிச்சயத்தோடு நரம்பு வேர் நோய் என்று சொல்லலாம் எனக் கண்டார்கள். கழுத்தைப் பின்சாய்த்து, நோவுள்ள பக்கம் சரித்து, உச்சந்தலையில் மெல்ல அழுத்தினால் நோவு கைக்குள் பாய்கிறதா என்பது ஒன்று; அமெரிக்கரான ஸ்பேர்லிங்கும் ஸ்கோவிலும் 1944இல் எழுதிவைத்த சோதனை அது. தலையை மேல்நோக்கி மெல்லத் தூக்கிப் பிடித்தால் நோவு தணிகிறதா என்பது மற்றொன்று. நோவுள்ள பக்கம் கழுத்து அறுபது பாகைக்குக் குறைவாகவே திரும்புகிறதா என்பது மூன்றாவது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, மணிக்கட்டைப் பின்மடக்கி, முழங்கையை நிமிர்த்தி நரம்பைச் சிறிது சிறிதாக இழுத்தால் பழகிய அதே நோவு எழுகிறதா என்பது நான்காவது. இக்கடைசிச் சோதனை இல்லை என்று சொன்னால் நரம்பு வேர் நோய் இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. ஸ்பேர்லிங் சோதனை ஆம் என்று சொன்னால் நம்பலாம், இல்லை என்று சொன்னால் அதைக் கொண்டு நோயை மறுக்க முடியாது. விபத்துப் பட்டவரிடம் எலும்பு முறிவில்லை என்று தெரிந்த பின்னரே கழுத்தை அழுத்த வேண்டும் என்பதை மறக்கலாகாது. இந்நான்குக்கும் மின்சாரம் வேண்டியதில்லை. டிஸ்பென்சரியின் மரக்கட்டிலே போதும்.

பரிசோதனையை இன்னும் அருகில் சென்று பார்ப்போம். சட்டைக் கையைச் சுருட்டி இரண்டு கைகளையும் ஒரே வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க வேண்டும். பெருவிரலின் அடிமேடு ஒரு கையில் தட்டையாகியிருக்கலாம், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதை குழிந்திருக்கலாம். நானுஓயாவின் தை மாதக் காலையில், பனியில் நின்று வந்தவளின் கையைச் சோதிக்கு முன் அடுப்பருகிலோ வெந்நீரிலோ சூடேற்றிக்கொள்வது அவசியம். குளிர்ந்த கை உணர்ச்சியையும் மந்தமாக்கும், மின்சோதனையின் வேகத்தையும் குறைத்துக் காட்டும். பிறகு பஞ்சு நுனியாலும், ஒருவருக்குப் பயன்படுத்தியதை இன்னொருவருக்குப் பயன்படுத்தாத புது ஊசியாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். பெருவிரலும் முன்கையின் வெளிப்பக்கமும் விறைத்திருந்தால் ஆறாவது வேர்; நடுவிரலானால் ஏழாவது; சுண்டுவிரலானால் எட்டாவது. முழங்கையை நிமிர்த்தித் தள்ளச் சொன்னால் தள்ள முடியாமல் போவதும், முழங்கைக்குப் பின்னே தட்டும்போது தெறிவினை எழாமையும் எல்லாவற்றிலும் அதிகமாகத் துன்புறும் ஏழாவது வேருக்கு உரியவை. இந்த எல்லைக்கோடுகள் ஆளுக்காள் சற்று மாறுபடும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் கிடக்கும். ஆதலால் ஒரு குறியை வைத்துத் தீர்ப்புச் சொல்லாமல், உணர்ச்சி, பலம், தெறிவினை மூன்றும் ஒரே வேரைச் சுட்டுகின்றனவா என்று பார்ப்பதே முறை. நுண் நரம்பிழைகளைச் சோதிக்க ஒரு நாணயத்தை மேசைமேல் குளிரவிட்டு, மற்றொன்றைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றிக் கையில் மாறிமாறி வைத்துப் பார்க்கலாம். எந்தச் சூடும் எந்தக் குளிரும் தெரியவில்லை என்று அவள் சொன்னால், அதைக் குறித்துவைக்க வேண்டும்.

கொழுந்துக்காரியிடம் ஆறாவது வேரை மணிக்கட்டு நரம்பிலிருந்து பிரித்தறிவது தனிக் கவனம் வேண்டும் வேலை. கிள்ளும் விரல்கள் பெருவிரலும் சுட்டுவிரலும் ஆகையால் மணிக்கட்டில் நரம்பு நெருக்குண்பதற்கும் நியாயமுண்டு. கூடைக்கயிற்றினால் கழுத்தில் நெருக்குண்பதற்கும் நியாயமுண்டு. இரண்டும் அதே விரல்களையே விறைக்கச் செய்யும். இரவில் விறைத்து எழுப்பி, கையை உதறினால் தணிந்தால் மணிக்கட்டைச் சந்தேகிக்கலாம். கழுத்தைத் திருப்பினால் பாய்ந்து, முன்கையையும் சேர்த்து நோகச் செய்து, தெறிவினை குறைந்தால் கழுத்தைச் சந்தேகிக்கலாம். ஒரே நரம்பு இரண்டு இடத்தில் நெருக்குண்டு கிடப்பதும் உண்டென்று அப்டனும் மக்கோமஸும் 1973இல் எழுதினார்கள். நீரிழிவால் வரும் விறைப்பு வேறு. முழங்கையின் உட்புறத்தில் நரம்பு கயிறுபோல் தடித்திருந்தால் தொழுநோயை நினைக்க வேண்டும். இவை எதையும் கழுத்துப் படம் சொல்லாது.

இதற்கெல்லாம் எழுப்பப்படும் ஆட்சேபங்கள் மூன்று. நோயாளி பொய் சொல்லலாம், சம்பளத்தோடு ஓய்வு பெறவோ நட்டஈடு பெறவோ நடிக்கலாம் என்பது முதலாவது. தெறிவினையை எவரும் நடித்துக் காட்ட முடியாது. தசை மெலிவையும் நடிக்க முடியாது. ஏழாவது வேர் எந்த விரலுக்குப் போகிறது என்பதைப் பாடப் புத்தகம் படியாத ஒருத்தி, தன் விறைப்பை அதே விரலில் சரியாக வைத்துச் சொல்லுகிறாளென்றால் அவள் உண்மையைத்தான் சொல்லுகிறாள். பொய்யைக் கண்டுபிடிக்கவும் இந்தப் பரிசோதனையே உகந்தது. சந்தேகம் கொள்கிறவர்கள் அதைத் தவிர்ப்பதுதான் விளங்கவில்லை. நேரமில்லை என்பது இரண்டாவது. வெளிநோயாளர் வரிசை நீளமென்பதை நான் அறிவேன். ஆனால் இந்தப் பரிசோதனைக்குப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகாது. படத்துக்கு எழுதிக் கொடுத்து அவளை நுவரெலியாவுக்கும் அங்கிருந்து கண்டிக்கும் அனுப்பினால், இரண்டு நாள் பேரும், பஸ் கட்டணமும், தனியாரிடம் போனால் கடனும் அவளுக்குச் செலவு. ஈ.எம்.ஏ. என்னும் தோட்டத்து வைத்திய உதவியாளருக்கும் தாதியருக்கும் இதைக் கற்பிப்பது அரிதான காரியமல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று வெளிவரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் இதை நாள்தோறும் செய்கிறவர்கள். அவர்களைத் தோட்டப்புற வைத்தியசாலைகளுக்கு அனுப்புவது அரசாங்கத்தின் கடமை. பரிசோதிப்பவர் நோயாளியின் மொழியை அறிந்திருப்பதும் அவசியம். எரிகிறதா, குத்துகிறதா, சுரீரென்று பாய்கிறதா, எறும்பு ஊர்கிறதா என்ற வேறுபாட்டிலேயே நரம்பின் நோவும் தசையின் நோவும் பிரிகின்றன. இடையில் நிற்கும் சிற்றூழியர் அதைக் கைவலி என்று சுருக்கிச் சொன்னால் பரிசோதனை பாதி போய்விடுகிறது.

எதுவாயிருந்தாலும் சிகிச்சை ஒன்றுதானே என்பது மூன்றாவது ஆட்சேபம். மிகவும் ஆபத்தானதும் அதுவே. பரசிட்டமோல், டைக்ளோஃபெனாக், கோடாலித் தைலம், 'நரம்புக்கு' என்று ஒரு விற்றமின் ஊசி என்ற இந்த வழக்கமான வரிசை நரம்பிலிருந்து எழும் வலிக்குப் பெரிதும் உதவுவதில்லை. அதற்கு அமிட்ரிப்டிலின், கபபென்டின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. டைக்ளோஃபெனாக்கை மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். பீ6 விற்றமினை அளவுமீறி நெடுநாள் எடுத்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மணிக்கட்டு நோய்க்கு இரவில் கட்டும் பட்டியும், வேண்டுமானால் சிறு சத்திரசிகிச்சையும் போதும். நரம்பு வேர் நோய்க்குக் கயிற்றைத் தலையிலிருந்து இறக்கிச் சிலகாலம் வேறு வேலை கொடுப்பதும் பயிற்சியுமே பெரும்பாலும் போதும். முண்ணாணே நெருக்குண்டிருந்தால் இவையெல்லாம் வீண். காலம் தாழ்த்தாத சத்திரசிகிச்சையே வேண்டும்.

முண்ணாண் நெருக்கத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பெரும்பாலும் கழுத்தில் பெரிய நோவு இல்லாமலேயே வரும். முதலில் கை சொன்னபடி கேளாது. கொழுந்து விரலிலிருந்து நழுவும், சேலை முந்தானையைச் செருகுவது கஷ்டமாகும். பிறகு சரிவில் இறங்கும்போது கால் தடுமாறும், படியில் கால் இடறும். கடைசியில் சிறுநீர் கட்டுப்படாமல் போகும். 2013இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில், இந்நோயுற்ற 42 பேருக்கும் நோய் சரியாகக் கண்டறியப்படச் சராசரியாக இரண்டு வருஷத்துக்கு மேலானது. அவர்களுள் நூற்றுக்கு 43 பேர் முதலில் மணிக்கட்டு நரம்பு நோயாளிகளென்று கருதப்பட்டார்கள். நடுவிரல் நகத்தைச் சுண்டிவிடும்போது பெருவிரல் தானாகக் குறுகுகிறதா, முழங்காலில் தெறிவினை மிகையாக எழுகிறதா, ஒரே கோட்டில் அடிக்குமேல் அடி வைத்து நடக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். கழுத்து நோவென்று வருகிறவரின் கால்களையும் பார்க்க வேண்டும் என்ற விதியை ஒருவரும் தளர்த்தலாகாது. இங்கே, இந்தக் குறிகளைக் கண்ட பின்பு, எம்.ஆர்.ஐ. படம் உடனே வேண்டும். எனக்குப் படத்தின்மேல் பகையில்லை. எந்தக் கேள்விக்கு எந்தப் படம் என்பதைக் கை தீர்மானிக்க வேண்டும், அவ்வளவே.

நட்டஈட்டைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையின் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கைவிரல் போனால் இவ்வளவு, கண் போனால் இவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும் இழப்புக்களை அட்டவணைப்படுத்தி வைத்திருக்கிறது. விறைத்த கைக்கு அட்டவணையில் இடமில்லை. உழைக்கும் சக்தி எவ்வளவு குறைந்தது என்று வைத்தியர் எழுதிக் கொடுப்பதே அதற்கு ஆதாரம். 'எக்ஸ்ரே சாதாரணம்' என்ற ஒரு வரி எழுதப்பட்ட சீட்டு அந்த ஆதாரத்தை ஆரம்பத்திலேயே அழித்துவிடுகிறது. திகதியிட்டு, எந்த விரல் விறைத்தது, எந்தத் தசை மெலிந்தது, எந்தத் தெறிவினை இல்லை என்று எழுதிய சீட்டு அவளுடைய வழக்கைக் காப்பாற்றும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் போராடுவது நியாயமே. இந்தச் சீட்டுக்காகவும் அவை போராட வேண்டும்.

மலையகத்திலிருந்து இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். கழுத்து நோவோடு கையில் விறைப்போ பலவீனமோ இருந்தால், படத்தைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். கையின் பலத்தையும் தெறிவினையையும் கால்களையும் பார்க்கும்படி வைத்தியரைக் கேளுங்கள், பார்த்ததைச் சீட்டில் எழுதும்படியும் கேளுங்கள். நடை தடுமாறினாலோ, கைவிரல்கள் சொல்லுக்கு அடங்காமற் போனாலோ, சிறுநீர் கட்டுப்படாமற் போனாலோ, மறுநாள் பேரை நினைத்துத் தாமதிக்காமல் அன்றே நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போங்கள்.